ஊடுகதிர் ஈந்த உத்தமர்

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுப்பது தம்பானூர்வாழ் தமிழராகிய நமக்கு இன்று சாதாரணச் செயல். ஆனால் அக்கதிரைக் கண்ட வில்ஹெல்ம் கொன்ராட் ராண்ட்ஜனின் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே எழுத்தராய்ப் பணிபுரியும் எமக்கு அப்பெரியாரின் வரலாறு தனியோர் ஆறுதல்.

அவர் 1845-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், ஜெர்மனியில் லென்னெப் என்னும் ஊரில், துணி வணிகர் ஒருவரின் ஒரே மகனாய்த் தோன்றினார். ஹாலந்து நாட்டில் பயிலுங்கால், ஆசிரியரைக் கேலிச்சித்திரமாக வரைந்த தோழனைக் காட்டிக்கொடுக்க மறுத்தமையால் பள்ளியினின்றும் நீக்கப்பட்டார். பள்ளியிறுதிச் சான்றிதழின்றியே சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் 1865-இல் இடம்பெற்று, 1869-இல் டாக்டர் பட்டமும் எய்தினார். அச்சான்றிதழ் இல்லாத குறையால் ஒருகால் விரிவுரையாளர் தகுதி தர மறுத்த வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகமே, 1888-இல் அவரைப் பேராசிரியராக ஏற்றது.

1895 நவம்பர் 8 அன்று, கரிய அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது, சற்றுத் தொலைவில் இருந்த காகிதத் திரையொன்று இருளில் ஒளிர்வதைக் கண்டார். அது பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை. இனமறியா அக்கதிருக்கு எக்ஸ் எனப் பெயரிட்டார். டிசம்பர் 22 அன்று மனைவியாரின் கையைப் படம்பிடிக்க, எலும்பும் மோதிரமும் தெளிவாய்த் தெரிந்தன.

1901-இல் பௌதிகத்திற்கான முதல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. பரிசுத் தொகையைப் பல்கலைக்கழகத்திற்கே வழங்கினார். காப்புரிமை பெற்றுப் பொருள் குவிக்கவும் மறுத்தார். உலகப்போருக்குப் பின் விலைவாசி விஷம்போல் ஏற, கைப்பொருள் கரைந்த நிலையில், 1923 பிப்ரவரி 10 அன்று மியூனிக் நகரில் மறைந்தார்.

நிற்க. காகிதத்தில் உப்பைப் பூசிய அப்பழைய உத்தி இன்று புதுக்கோலம் பூண்டு வருகிறது. 1839-இல் யூரல் மலைக் கனிமமாக அறியப்பெற்றது பெரோவ்ஸ்கைட். அதன் அமைப்பையொத்த ஈயச் சேர்மங்களை மைபோல் கரைத்து, அச்சடிப்பதுபோல் படலமாகப் பரப்பி, எக்ஸ்ரேயை மின்குறியாக மாற்றும் திரைகளை ஆய்வுக்கூடங்களில் உருவாக்கி வருகின்றனர். ஈயம் முதலிய கன அணுக்கள் கதிரை நன்கு விழுங்குவதால், குறைந்த கதிரிலேயே படம் கிட்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஈரத்தால் சிதைதலும் ஈயத்தின் நச்சுத்தன்மையும் இன்னும் களையவேண்டிய குறைகள்.

இத்திரைகள் மலிவாய் அச்சாகும் நாள் வரலாம். ஆயினும், அவற்றின் பயன் ஏழை நோயாளியின் கட்டிலை எட்டவேண்டுமாயின், அறிவோடு ராண்ட்ஜனின் ஈகையும் வேண்டும். வாழ்க அன்னார் புகழ்!