காசநோயை எதிர்த்த கடமை வீரர் டாக்டர் கால்மெட்

நம்மில் பலருடைய இடது தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு தழும்பு உண்டு. குழந்தைப் பருவத்தில் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. அந்த மூன்று எழுத்துகளில் இரண்டு, மனிதர்களின் பெயர்களைக் குறிப்பவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ‘பி’ என்பது கிருமியைக் குறிக்கும் பாசில் என்ற பிரெஞ்சுச் சொல். ‘சி’ என்பது கால்மெட். ‘ஜி’ என்பது கெரின். இவ்விருவருள் மூத்தவரான டாக்டர் ஆல்பர்ட் கால்மெட்டின் வாழ்க்கையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

கால்மெட் 1863-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் பிறந்தார். கடற்படை மருத்துவராகி ஹாங்காங்கிலும் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றினார். 1890-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் கிருமியியல் பயின்றார். அடுத்த ஆண்டே சைகோன் நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே அம்மைக்கும் வெறிநாய்க்கடிக்கும் தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையத்தை நிறுவினார். வெள்ளத்தால் ஊருக்குள் புகுந்த நாகங்கள் மக்களைக் கடித்துக் கொன்றதைக் கண்டு மனம் வருந்தி, பாம்பு நஞ்சுக்கு மாற்று மருந்து காணும் ஆய்விலும் இறங்கி வெற்றி பெற்றார்.

1895-இல் வடபிரான்சிலுள்ள லீல் நகரின் பாஸ்டர் நிலையத்துக்குத் தலைவரானார். லீல், நூற்பாலைகள் நிறைந்த ஊர். நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழைத் தொழிலாளரைக் காசநோய் வாட்டி வதைத்தது. 1901-இல் கால்மெட் அவர்களுக்கென்றே ஓர் இலவச மருந்தகம் திறந்தார். நோயாளி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தொழிலாளர் ஒருவரையே நியமித்து, வீடு வீடாகச் சென்று விசாரிக்கச் செய்தார். தங்களில் ஒருவர் வந்து கேட்டால் மக்கள் நோயை மறைக்க மாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1897-இல் கமில் கெரின் அவரோடு சேர்ந்தார். கெரின் கால்நடை மருத்துவர். அவருடைய தந்தை காசநோயால் இறந்தவர். மனித மருத்துவரும் மாட்டு மருத்துவரும் ஒன்றாக உழைத்தது வீண்போகவில்லை. மாட்டைத் தாக்கும் காசநோய்க் கிருமியை எடுத்து, கிளிசரின் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். கிருமிகள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரிப்பதற்காக மாட்டின் பித்தநீரைக் கலந்தபோது, எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். கிருமியின் வீரியம் மெல்ல மெல்லக் குறைந்து வந்தது! நோயைத் தர இயலாத, ஆனால் நோயை எதிர்க்கும் ஆற்றலை உடலுக்குக் கற்பிக்கும் கிருமியை உண்டாக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

1908-இல் தொடங்கிய பணி இது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை கிருமியைப் புதிய துண்டுக்கு மாற்ற வேண்டும். ஒருமுறை தவறினாலும் பட்ட பாடெல்லாம் வீணாகும். 1914-இல் போர் மூண்டது. லீல் நகரம் ஜெர்மானியர் வசமாயிற்று. உருளைக்கிழங்கும் பித்தநீரும் கிடைப்பதே அரிதாயிற்று. 1918-இல் கெரின் தம் மனைவியையும் காசநோய்க்கே பறிகொடுத்தார். அப்படியும் பணி நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை கிருமி மாற்றப்பட்டது.

1921 ஜூலையில் பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் ஒரு குழந்தை பிறந்தது. தாய் காசநோயால் இறந்துவிட்டாள். வளர்க்கப்போகும் பாட்டிக்கும் அதே நோய். டாக்டர் வெய் ஹாலே அக்குழந்தைக்கு இம்மருந்தை வாய்வழியே கொடுத்தார். குழந்தை நோயின்றி வளர்ந்தது. 1924 முதல் கிருமி வளர்ப்புகள் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டன.

பிறகு வந்தது பெருந்துயரம். 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்து கொடுக்கப்பட்ட சுமார் 250 குழந்தைகளில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகமே கால்மெட்டை நோக்கி விரல் நீட்டியது. விசாரணையில் உண்மை வெளிவந்தது. பாரிசிலிருந்து வந்த கிருமியில் குறையில்லை. லூபெக் ஆய்வுக்கூடத்திலேயே வீரியமுள்ள காசநோய்க் கிருமி அதில் கலந்துவிட்டது. 1932-இல் அங்கிருந்த பொறுப்பாளர்களுக்கு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. கால்மெட்டின் மீது விழுந்த பழி நீங்கியது. ஆனால் மாண்ட குழந்தைகள் மீளவில்லையே! ஓரிடத்தில் நேர்ந்த கவனக்குறைவு எத்தனை வீடுகளை இருளாக்கிவிட்டது! மறு ஆண்டு, 1933 அக்டோபர் 29-ஆம் நாள், கால்மெட் தமது எழுபதாம் வயதில் காலமானார். கெரின் 1961 வரை வாழ்ந்து பணியைத் தொடர்ந்தார்.

நம் நாட்டில் 1948-இல் சென்னை கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் அமைந்தது. 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் ஆய்வு ஓர் உண்மையை உணர்த்தியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுப்பதாக அங்கே காணப்படவில்லை. ஆயினும் மூளை உறையைத் தாக்கும் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து சிறு குழந்தைகளை இது காக்கிறது. ஆகவேதான் இன்றும் பிறந்த குழந்தைக்கு இதைப் போடுகிறார்கள்.

தோளில் தழும்பு இருக்கிறதே என்று நாம் அசட்டையாக இருத்தல் ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிப்பது நம் கடமை. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோர் ஆறு மாதம் தவறாமல் மருந்து உண்டால் நோய் குணமாகும். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமே, அக்கம்பக்கம் ஒதுக்குமே என்று நோயை மூடி மறைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அத்தகைய வீட்டின் கதவைத் தட்டி அன்போடு விசாரிக்கும் ஒருவர் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும். லீல் நகரத்து ஏழைகளுக்குக் கால்மெட் செய்ததும் அதுதான்.