கடிதங்களால் வளர்ந்த வணிகம்: பிரான்சிஸ் லைட்

பினாங்கில் படிக்கும் நமக்குப் பிரான்சிஸ் லைட் என்பது நன்கு பழகிய பெயர். 1786-இல் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றியவர் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால், பல்கலைக்கழகத்தில் விநியோகச் சங்கிலி நிர்வாகத்தைப் பாடமாக எடுத்த பிறகுதான் நான் அவரை வேறு கோணத்தில் பார்க்கத் தொடங்கினேன். எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, யாருக்குத் தேவை, விலை என்ன என்ற தகவல் முந்திச் சென்றால்தான் சரக்கு தடையின்றிச் செல்லும். கணினி இல்லாத காலத்தில் லைட் இதைக் கடிதங்களால் சாதித்தார்.

1740-இல் இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரத்தில் பிறந்த லைட், இளமையில் கடற்படையில் பணியாற்றினார். பின்னர் சென்னையைத் தளமாகக் கொண்ட ஒரு வணிக நிறுவனத்தின் கப்பல் தலைவராகக் கெடாவுக்கும் பூக்கெட்டுக்கும் வந்து சேர்ந்தார். அக்காலக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியவை. சோழமண்டலக் கரையிலிருந்து தேவையில்லாத துணியை ஏற்றி வந்துவிட்டால், அதில் போட்ட முதல் மாதக்கணக்கில் முடங்கிவிடும். எனவே லைட் மலாய் மொழியையும் சயாம் மொழியையும் கற்றார். அரசர்கள், பிரபுக்கள், வணிகர்கள் எனப் பலரோடும் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். ஈயம், அரிசி, துணி, அபின், துப்பாக்கி, கடன் பாக்கி, கப்பல் வரவு ஆகியவையே அக்கடிதங்களின் பொருள். அவற்றுள் ஏறத்தாழ 1,200 மலாய்க் கடிதங்கள் இன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இத்தொடர்பு உயிர்களையும் காத்தது. 1785-இல் பர்மியப் படை பூக்கெட்டைத் தாக்க வருவதை லைட் முன்கூட்டியே தெரிவித்தார். மறைந்த ஆளுநரின் மனைவி சானும் அவருடைய தங்கை மூக்கும் மக்களைத் திரட்டித் தீவைக் காத்தனர்.

அடுத்த ஆண்டு, ஆகஸ்டு 11-ஆம் நாள், பினாங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. லைட் இதைச் சுங்கவரியற்ற துறைமுகமாக்கினார். பல திசைக் கப்பல்களும் கூடவே, சரக்கோடு விலைச் செய்தியும் இங்கேயே கிடைத்தது. கெடாவில் முன்பே வேரூன்றியிருந்த சூலியா வணிகர்கள் இங்கும் கடை விரித்தனர். ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் இங்கே குடியேறியிருப்பதாக லைட் 1794-இல் பதிவு செய்தார். ஆண்டுதோறும் கப்பலில் வந்து போவோரின் எண்ணிக்கையையும் அவர் குறித்து வைத்தார். நம் முன்னோர் இந்நகரின் தொடக்கத்திலேயே இருந்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்று.

ஆயினும் லைட்டின் வாழ்க்கையில் இருண்ட பக்கமும் உண்டு. எதிரிகள் தாக்கினால் படை உதவி வேண்டும் என்பதே கெடா சுல்தான் அப்துல்லாவின் முதன்மையான நிபந்தனை. அந்த உதவிக்குக் கம்பெனி உறுதி அளிக்கவில்லை என்பது லைட்டுக்குத் தெரியும். தெரிந்தும் அதைச் சுல்தானிடம் தெளிவாகச் சொல்லாமலேயே கொடியேற்றினார். ஆண்டுகள் கடந்தும் உதவி வராததால், 1791-இல் தீவை மீட்கச் சுல்தான் பிறையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி அப்படையை முறியடித்தார். பின்னர் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சுல்தானுக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் மட்டுமே. படை உதவி இல்லை.

1794 அக்டோபர் 21-இல் மலேரியாக் காய்ச்சலால் லைட் காலமானார். ஜார்ஜ் டவுனின் பழைய புராட்டஸ்டண்டு கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1972 முதல் இயங்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நம்மில் பலர் நாளை பணிபுரியக்கூடும். அங்கே தேவைக் கணக்கையும் கையிருப்புக் கணக்கையும் பகிர்ந்துகொள்வது அன்றாட வேலை. சரக்கு தயார் என்ற நல்ல செய்தியை எவரும் உடனே சொல்லிவிடுவர். குறித்த நாளில் தர இயலாது என்பதையும் காலத்தோடு சொல்பவரையே வணிக உலகம் நம்பும். லைட் துறைமுகத்தைப் பெற்றார். அண்டை அரசரின் நம்பிக்கையை இழந்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பதே அவர் வாழ்க்கையிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் என்று நான் கருதுகிறேன்.