கூத்தர்க்குப் புகலிடம் அமைத்த கொக்லான்

நாடகமேடையில் நின்று நம்மை நகைப்பித்தும் அழுவித்தும் மகிழ்விக்கும் நடிகரை உலகம் போற்றுவது, அவர்பால் இளமையும் குரல்வளமும் நிலவும் காலத்தளவே என்பது யாவரும் அறிந்ததொன்று. முதுமை வந்துற்றுக் குரல் தளர்ந்து, மனப்பாடம் நழுவத் தொடங்கிய பின்னர், அவர் எங்கே உண்கின்றனர், எங்கே உறங்குகின்றனர் என வினவுவார் அரியர். இவ்வினாவைத் தம் நெஞ்சில் ஏற்று, அதற்கு விடையும் கண்ட பெருநடிகர் ஒருவர் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்தனர். அவரே கொன்ஸ்தான் கொக்லான் என்பார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

கொக்லான், 1841-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள், பிரான்ஸின் வடகரைத் துறைமுகமாகிய புலோன் நகரிற் பிறந்தார். தந்தையார் ரொட்டி சுட்டு விற்பவர். மைந்தரும் அத்தொழிலுக்கே உரியர் எனக் கருதப்பட்டனர். ஆயினும் அவருள்ளம் அடுப்படியில் நில்லாது நாடகத்தையே நாடிற்று. 1859-இல் பாரிஸ் மாநகரின் இசை நாடகக் கல்விக்கழகத்திற் சேர்ந்து, ரெஞ்ஞியே என்னும் ஆசிரியர்பாற் பயின்றார். மறு ஆண்டு டிசம்பர்த் திங்கள் 7-ஆம் நாள், கொமெதி பிரான்ஸேஸ் என்னும் அரசாங்க நாடகசாலையில், மொலியேர் இயற்றிய நாடகமொன்றில் வேலைக்காரன் வேடம் பூண்டு அரங்கேறினார். அப்பொழுது அவர்க்கு அகவை 19. நம்மில் பலர் வகுப்பறையில் அமர்ந்து பாடங்கேட்கும் பருவம் அது. 1864-இல் அந்நாடகசாலையின் பங்காளருள் ஒருவராயினார். அதன்பின் 22 ஆண்டுகளில் 44 புதிய நாடகங்களில் முதன்மையான வேடங்களை அவரே முதன்முதல் ஏற்று நடித்தனர்.

நடிப்புக்கலையைப் பற்றி நூல்கள் எழுதிய அறிஞராகவும் அவர் விளங்கினார். நடிகன் தன்னுள்ளே இருவனாதல் வேண்டும். ஒருவன் நடிக்க, மற்றவன் அமைதியுடன் அவனை நோக்கி ஆளவேண்டும். காண்போர் கண்ணீர் சொரிய வேண்டுமேயன்றி நடிகன் தான் கலங்குதல் கூடாது என்பது அவர் கொள்கை. இதனை மறுத்தோரும் உளர். ஆங்கில நாட்டுப் பெருநடிகர் ஹென்றி இர்விங் அவருள் ஒருவர். மேடையில் உள்ளத்தை அடக்கிக் காத்த இப்பெரியார், மேடைக்கு வெளியே அதனை எங்ஙனம் திறந்தார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1886-இல் அவர் நாடகசாலைப் பதவியைத் துறந்து, சொந்தக் குழுவுடன் ஐரோப்பியத் தலைநகரங்களிற் சுற்றி நடித்தார். 1890-இல் மீண்டு வந்து, 1892-இல் முற்றிலும் விலகினார். பின்னர்ப் பாரிஸிலுள்ள போர்ட் ஸென் மார்த்தென் நாடகசாலையை நடத்தும் பொறுப்பை ஏற்றார். அங்கே 1897-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள், எத்மொன் ரொஸ்தான் என்னும் இளங்கவிஞர் இயற்றிய சிரானோ நாடகம் அரங்கேறிற்று. நீண்ட மூக்கும் நெடிய வீரமும் உடைய சிரானோவாக நடித்த கொக்லானுக்கு அன்று வயது 56. அந்நாடகத்தைக் கவிஞர் அவர்க்கே உரிமையாக்கினார். 1900-இல் ஸாரா பெர்னார் என்னும் புகழ்பெற்ற நடிகையாருடன் அமெரிக்கா சென்று நடித்தும் பெருஞ்சிறப்பெய்தினார்.

புகழும் பொருளும் இவ்வாறு நிரம்பிய நாளில், தம்மைப் போன்ற நற்பேறு வாய்க்காத தோழரை அவர் மறந்தாரல்லர். பிரெஞ்சு நாட்டில் நடிகர் நிலை நெடுங்காலம் இரங்கத்தக்கதாயிருந்தது. மொலியேர் பெருமானே 1673-இல் இறந்தபோது, நடிகர் என்னும் காரணத்தால் திருச்சபை நல்லடக்கம் மறுத்தது. அரசர் தலையிட்ட பின்னரே, இரவுப்பொழுதில், சடங்குச் சிறப்பின்றி அவருடல் புதைக்கப்பட்டது. கிறிஸ்தவராகிய நாம் இதனை நாணத்துடன் நினைவுகூரக் கடவோம். காலம் மாறி அவ்விழிவு நீங்கிய பின்னரும் வறுமை நீங்கவில்லை. அரசாங்க நாடகசாலையில் இருபதாண்டு உழைத்த பங்காளர்க்கு அந்நாளில் உபகாரச்சம்பளம் இருந்தது. ஊர்தோறும் அலைந்து சிறுவேடம் புனைந்தோர்க்கோ அஃது இருக்கவில்லை. இத்தகையோர்க்கு உதவவென்று 1840-இல் தெய்லர் பிரபு நிறுவிய நடிகர் சங்கத்தின் தலைமையைக் கொக்லான் ஏற்றிருந்தனர். அவ்வப்போது அளிக்கும் சிறுதொகை முதியோர்க்குப் போதாது, அவர்க்கு வேண்டுவது ஒரு வீடு என்று அவர் துணிந்தார்.

பாரிஸுக்குக் கிழக்கே, மோரின் ஆற்றங்கரையில், போந்தோதாம் என்னும் இடம் உளது. முற்காலத்தே கன்னித்துறவியர் மடமொன்று அங்கிருந்தது. 1774-இல் பதினைந்தாம் லூயி மன்னர் இறந்தபின், அவர் காதற்கிழத்தியாகிய துபாரி அம்மையார் சிறைபோல் வைக்கப்பட்டது அம்மடத்திலேதான். பிரெஞ்சுப் புரட்சியில் மடம் கலைந்தது. அந்நிலத்தில், முதிய நடிகரும் நடிகையரும் தங்கி வாழும் இல்லத்தைக் கொக்லான் அமைத்தார். 1905-இல் அது திறக்கப்பெற்றது. தம் பெயரையும் செல்வாக்கையும் உழைப்பையும் அதற்கென்றே ஈந்தனர். ஒருகாலத்தில் நடிகரைப் புறந்தள்ளிய சபைக்குரிய நிலத்திலேயே நடிகர்க்கு அடைக்கலம் வாய்த்தமை சிந்திக்கத்தக்கது.

இறுதிக்காலத்தில் ரொஸ்தான் இயற்றிய ஷான்டெக்ளேர் என்னும் நாடகத்திற்கு அவர் ஒத்திகை செய்து வந்தார். தன் கூவலால்தான் கதிரவன் எழுகின்றான் என நம்பும் சேவலே அதன் தலைவன். அவ்வேடத்தை அவர் மேடையில் காட்டக் கொடுத்துவைக்கவில்லை. 1909-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள், 68 வயது நிரம்பிய நான்காம் நாளில், தாம் எழுப்பிய போந்தோதாம் இல்லத்திலேயே திடீரென உயிர் நீத்தார். அவ்வில்லத்தின் சோலையிலேயே அடக்கமும் செய்யப்பெற்றார். மறு ஆண்டில் லூசியன் கித்ரி என்னும் நடிகர் அச்சேவல் வேடம் பூண்டனர். கொக்லான் மறைந்த பின்னும் வேறொருவரைக் கொண்டு நாடகம் நடந்தது, உலகியல்பு அத்தகையது. ஆயின் இல்லத்தை எழுப்பிய கை வேறெவருடையதும் அன்று.

நம் ஆற்றுப்படை நூல்களில், பரிசில் பெற்று மீளும் கூத்தன் வறிய கூத்தனை எதிர்ப்பட்டு, வள்ளலின் ஊர்க்கு வழி கூறுவான். கொக்லானோ வழி கூறிய கூத்தரும் தாமே, வாயில் திறந்த வள்ளலும் தாமே. அவர் செய்தது இரவலர்க்கு இட்ட பிச்சை அன்று. ஒரே தொழிலில் உழைத்தோர்க்கு உழைத்தவர் செலுத்திய கடன். ஆண்டுதோறும் கல்லூரி நாடகங் கண்டு கைதட்டும் நாம், திரை விழுந்த பின்னரும் நம்மை மகிழ்வித்தோரை நினைத்தல் வேண்டும். ஆசிரியராயினும் பாடகராயினும் தொழிலாளராயினும், தம் வலிமையை நமக்குச் செலவிட்டு முதிர்ந்தோர் எவர்க்கும் இக்கடன் உரியது. அதனை மறவாது செலுத்துவோமாக.