புல்வெளியில் ஒரு கல்லறை: நாவலாசிரியை வில்லா கேத்தர்

கல்லறைத் திருநாளன்று நாம் நம் அன்பர்களின் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூமாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். அன்றும் யாரும் அருகில் செல்லாத கல்லறைகள் சில உண்டு. தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்களின் கல்லறைகள் அவற்றுள் அடங்கும். அப்படிப்பட்ட ஒரு கல்லறையை உலகம் மறக்க முடியாதபடி எழுதி வைத்தவர் அமெரிக்க நாவலாசிரியை வில்லா கேத்தர்.

இவர் 1873ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். ஒன்பது வயதில், 1883இல், பெற்றோருடன் நெப்ராஸ்கா மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தார். எங்கு பார்த்தாலும் புல்வெளி. நிலம் தேடி வந்த செக், நார்வே, சுவீடன், ஜெர்மானிய மக்கள் மண்கட்டிகளால் கட்டிய வீடுகளிலும், தரையைத் தோண்டி அமைத்த குடில்களிலும் வாழ்ந்தார்கள். சிறுமி வில்லா அந்தப் பெண்கள் வெண்ணெய் கடையும்போதும், ரொட்டி சுடும்போதும் அருகில் அமர்ந்து அவர்களது கதைகளைக் கேட்பார்.

வந்த புதிதில் அவர் கேட்ட கதைகளில் ஒன்று, பொஹீமியாவிலிருந்து வந்த சாடிலெக் என்பவரைப் பற்றியது. வறுமையும், குளிரும், தாய்நாட்டு ஏக்கமும் தாங்காமல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மகள் அன்னா பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தார். ஒருவரை நம்பி ஏமாந்து, மணமாகாமலேயே தாயானார். ஆனாலும் தளராமல் எழுந்து, பின்னர் பாவெல்கா என்ற விவசாயியை மணந்து, பல பிள்ளைகளை வளர்த்தார். வில்லா இவரைத் தம் வாழ்நாள் முழுவதும் தோழியாகக் கொண்டாடினார்.

1895இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற வில்லா, பிட்ஸ்பர்க்கில் பத்திரிகைப் பணியும் ஆசிரியப் பணியும் செய்தார். 1906இல் நியூயார்க் சென்று, புகழ்பெற்ற மெக்ளூர்ஸ் இதழில் சேர்ந்து, அதன் நிர்வாக ஆசிரியராகவும் உயர்ந்தார். பின்பு அந்தப் பதவியை விட்டு, தாம் வளர்ந்த புல்வெளியைப் பற்றியே எழுதத் தொடங்கினார். 1913இல் 'ஓ பயனியர்ஸ்', 1918இல் 'மை அன்டோனியா' ஆகிய நாவல்கள் வெளிவந்தன. 1923இல் இவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

'மை அன்டோனியா' அன்னாவின் வாழ்வைத் தழுவியது. அதில் ஷிமெர்டா என்ற கத்தோலிக்கத் தந்தை தற்கொலை செய்துகொள்கிறார். அருகிலிருந்த நார்வே மக்களின் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் மறுக்கப்படுகிறது. சொந்த நிலத்தின் மூலையில், பாதைகள் சந்திக்கும் இடத்தில் அவரைப் புதைக்கிறார்கள். தந்தையின் ஆன்மா உத்தரிக்கிற நிலையில் வேதனைப்படுமே என்று மகன் கலங்குகிறான். குருவானவர் இல்லை. அண்டை வீட்டு முதியவரான ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்தான் பனியில் நின்று செபிக்கிறார். ஆண்டுகள் கழிகின்றன. சாலைகள் வருகின்றன. ஆனால் அச்சாலைகள் கல்லறையை மிதிக்காமல் சற்று வளைந்து செல்கின்றன. மனிதர்கள் ஒதுக்கியவருக்குச் சாலையே வழிவிட்டதுபோல் இருக்கிறது!

வில்லா கத்தோலிக்கர் அல்லர். பாப்டிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்து, 1922இல் பெற்றோருடன் எபிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தவர். எனினும் நம் மறைபரப்புப் பணியாளர்களைப் பற்றி இவரைப்போல் எழுதியவர்கள் சிலரே. 1925இல் சாந்தா ஃபே நகரில், ஆயர் மாஷ்பெஃப் அவர்களின் வாழ்க்கை வரலாறு இவர் கைக்குக் கிடைத்தது. அவரும், சாந்தா ஃபேயின் முதல் பேராயர் லாமி அவர்களும் பிரான்சிலிருந்து 1839இல் ஒன்றாகக் கப்பலேறிய நண்பர்கள். அதிலிருந்து பிறந்ததே 1927இல் வெளிவந்த 'டெத் கம்ஸ் ஃபார் தி ஆர்ச்பிஷப்' நாவல். அதைப் படித்த பலர் இவரைக் கத்தோலிக்கர் என்றே எண்ணினார்கள். அந்த நாவலின் முடிவில், மரணப்படுக்கையில் இருக்கும் பேராயரின் நினைவு தம் சாதனைகளை நாடவில்லை. வீட்டை விட்டுப் புறப்பட மனமில்லாமல் அன்று தவித்த இளம் நண்பருக்குத் துணிவூட்டிய அந்த அதிகாலைப் பொழுதிற்கே செல்கிறது.

வில்லா கேத்தர் 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நியூயார்க்கில் காலமானார். நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ஜாஃப்ரி என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பார்ந்தவர்களே, 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், மனமறிந்து தற்கொலை செய்துகொண்டு, மனம் வருந்திய அடையாளம் எதுவும் காட்டாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், இவர்களது மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், இவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது என்றும் கற்பிக்கிறது. சட்டம் மாறிவிட்டது, நம் மனம் மாறியிருக்கிறதா? அத்தகைய குடும்பத்தைக் கண்டால் நாம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கத் தயங்குகிறோம். தந்தையை இழந்த பிள்ளைகள் சுமக்கும் துயரத்தின்மேல் அவமானத்தையும் ஏற்றிவிடுகிறோம்.

சாடிலெக்கின் உடல் பிற்காலத்தில் அந்த மூலையிலிருந்து எடுக்கப்பட்டு, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்களோடு அடக்கம் செய்யப்பட்டது. அவரும் நம்மவரே என்று ஏற்றுக்கொள்ள அந்த ஊருக்குக் காலம் பிடித்தது. நமக்கு அவ்வளவு காலம் வேண்டாம். வருகிற கல்லறைத் திருநாளில், யாரும் செல்லாத அந்தக் கல்லறையிலும் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். அதற்கு முன்பே, அந்த வீட்டின் கதவைத் தட்டுவோம்.