விலைக்கு வாங்கப்பட்ட ஞானி எபிக்டெட்டஸ்

பொருளுக்கு விலை சொல்வதும், சொன்ன விலையைக் குறைத்துக் கேட்பவர்களோடு பேசித் தீர்ப்பதும் நம் போன்ற கடைக்காரர்களுக்கு அன்றாட வேலை. ஆகையால், மனிதனையே விலை பேசி வாங்கிய காலத்தில் பிறந்து, இன்னொருவர் வீட்டுச் சாமானாக வளர்ந்து, பின்னர் பேரரசர்களுக்கும் வழிகாட்டியாக விளங்கிய ஒரு கிரேக்க ஞானியின் சரித்திரம் நமக்கு நன்றாகவே விளங்க வேண்டும். அன்னாரின் பெயர் எபிக்டெட்டஸ். கிரேக்க பாஷையில் அச்சொல்லுக்குப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது, சம்பாதித்துக்கொண்டது என்று பொருள். கொள்முதல் ஏட்டில் எழுதத்தக்க இந்தப் பெயர்தான் 1,900 ஆண்டுகளாக உலகம் மரியாதையுடன் சொல்லி வரும் பெயராக ஆகிவிட்டது.

எபிக்டெட்டஸ் கி.பி. 50-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். ஊர் ஹீராபோலிஸ். இன்றைய துருக்கி தேசத்தில் வெந்நீர் ஊற்றுக்களுக்குப் பேர்போன பாமுக்கலே என்னுமிடத்தில் அந்நகரத்தின் இடிபாடுகள் இப்போதும் இருக்கின்றன. அவர் இளமையில் ரோமாபுரியில் அடிமையாக இருந்தார். அவருடைய எஜமானர் எபஃப்ரொடீட்டஸ் என்பவர். இந்த எஜமானரும் முன்பு அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரே. நீரோ மன்னனிடம் மனுக்களைக் கவனிக்கும் காரியதரிசியாக உயர்ந்து, பெரும் செல்வமும் செல்வாக்கும் தேடிக்கொண்டவர். தாம் பட்ட கஷ்டத்தை மறந்துவிட்டுப் பிறரை அதே கஷ்டத்தில் வைத்திருக்கும் மனிதர்கள் எக்காலத்திலும் உண்டு போலும்.

எபிக்டெட்டஸுக்கு ஒரு கால் ஊனம். எஜமானர் கோபத்தில் அவருடைய காலை முறுக்கியதாகவும், இப்படிச் செய்தால் கால் முறிந்துவிடும் என்று அவர் அமைதியாகச் சொன்னதாகவும், முறிந்த பிறகும் தாம் முன்னரே சொன்னதை நினைவூட்டியதோடு நிறுத்திக்கொண்டதாகவும் ஒரு பழைய வரலாறு உண்டு. வாத நோயினால் வந்த ஊனம் என்று கூறுவாரும் உண்டு. எது எப்படியாயினும், ஆயுள் முழுவதும் அவர் நொண்டியே நடந்தார் என்பது உண்மை. அதைப் பற்றிப் பேசும்போது, ஊனம் காலுக்குத் தடையே தவிர மனத்துக்குத் தடையன்று என்று தம் மாணவர்களுக்குச் சொல்வார்.

எஜமானர் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை அன்னார் பிற்காலத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். அவ்வீட்டில் ஃபெலிசியோ என்னும் செருப்புத் தைக்கும் அடிமை ஒருவன் இருந்தான். உபயோகமற்றவன் என்று எஜமானர் அவனை விற்றுவிட்டார். வாங்கியவர் மன்னர் அரண்மனையைச் சேர்ந்தவர். இதனால் அந்தச் செருப்புத் தொழிலாளி மன்னருக்கே செருப்புத் தைப்பவனாகிவிட்டான். அன்று முதல் பழைய எஜமானர் அவனைக் கண்டால் குழைந்து பேசுவதும், நலம் விசாரிப்பதும், முக்கியமான காரியங்களில் அவனிடம் யோசனை கேட்பதுமாக மாறிவிட்டாராம். மனிதன் மாறவில்லை, அவன் நின்ற இடம் மாறியது, விலையும் மாறிவிட்டது. சந்தை போடும் விலைக்கும் மனிதனின் உண்மையான மதிப்புக்கும் சம்பந்தமில்லை என்பதை அந்த அடிமைப் பிள்ளை அப்போதே கண்டுகொண்டிருக்க வேண்டும்.

அடிமையாயிருந்த காலத்திலேயே, முசோனியஸ் ரூஃபஸ் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் பாடம் கேட்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டியது. கிரேக்கத் தத்துவங்களில் ஸ்டோயிக் என்னும் பிரிவைப் போதித்தவர் முசோனியஸ். ஒருநாள் தர்க்கப் பாடத்தில் மாணவர் ஒரு பிழை செய்ய, ஆசிரியர் கடிந்துகொண்டார். ரோமாபுரியின் பெரிய கோயிலுக்கு நெருப்பு வைத்துவிட்டவனைப் போல் என்னைக் கண்டிக்கிறீர்களே என்ற கருத்தில் மாணவர் முறையிட்டார். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை நீ விட்ட பிழைதான் எரிந்த கோயில் என்று ஆசிரியர் பதில் சொன்னார். சின்னக் காரியத்தில் கவனமில்லாதவனுக்குப் பெரிய காரியத்திலும் கவனம் இராது என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம்.

பின்னர் எபிக்டெட்டஸ் விடுதலை பெற்று ரோமாபுரியிலேயே போதிக்கலானார். 81 முதல் 96 வரை ஆண்ட டொமிஷியன் மன்னனுக்குத் தத்துவ ஆசிரியர்களைக் கண்டாலே சந்தேகம். அவர்களை நகரைவிட்டு வெளியேற்றும்படி உத்தரவு போட்டான். எபிக்டெட்டஸ் கிரேக்க தேசத்தின் மேற்குக் கரையில் உள்ள நிக்கோபோலிஸ் நகருக்குச் சென்று, அங்கே ஒரு பள்ளி வைத்தார். இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் இடையே போக்குவரத்துள்ள ஊர் அது. அதிகாரிகளும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் வழியில் இறங்கி, இந்த நொண்டி ஆசிரியரின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவர் வீட்டிலோ படுக்கையும் விளக்கும் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

அவர் போதித்ததன் வேர் ஒன்றே. உலகத்திலுள்ளவற்றை இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும். நம் கையில் இருப்பவை ஒரு பங்கு; நம் கையில் இல்லாதவை மறு பங்கு. நம் எண்ணம், நம் விருப்பு, நம் வெறுப்பு, ஒரு செயலைச் செய்வோமா விடுவோமா என்ற முடிவு ஆகியவை நம் கையில் உள்ளன. உடம்பு, சொத்து, பேர், பதவி ஆகியவை முழுவதும் நம் கையில் இல்லை. இரண்டாவது பங்கை முதல் பங்கென்று நினைத்து மயங்குகிறவன் தினமும் யாரையாவது குறை சொல்லிக்கொண்டும் எதற்காவது பயந்துகொண்டும் இருப்பான் என்பது அவர் தீர்ப்பு. கால் விலங்கு இல்லாதவனெல்லாம் சுதந்திர மனிதன் அல்லன். ஆசைக்கும் பயத்துக்கும் கட்டுப்பட்டவன் மாளிகையில் இருந்தாலும் அடிமைதான் என்றும் போதித்தார். அடிமைத்தனத்தை ஏட்டில் மட்டும் படித்த ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் யார் கேட்பார்கள்? தம் உடம்பே தம்முடையதாக இல்லாமல் வாழ்ந்த ஒருவர் சொன்னபடியால் கேட்டார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு உடனே விளங்கும்படி அவர் சொன்ன உதாரணம் ஒன்றுண்டு. சந்தையில் கீரைக்கு ஒரு காசு விலை. ஒருவன் காசைக் கொடுத்துக் கீரையை வாங்கிப் போகிறான். நீ காசைக் கொடுக்கவில்லை, கீரையும் பெறவில்லை. அவனைவிட நீ ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவனிடம் கீரை இருக்கிறது, உன்னிடம் காசு இருக்கிறது. அதுபோல, பெரிய மனிதர் வீட்டு விருந்துக்கு உன்னை அழைக்கவில்லை என்றால், அந்த அழைப்புக்கும் ஒரு விலை உண்டு. அவரைப் புகழ்வதும் அவர் வாசலில் காத்து நிற்பதும் அந்த விலை. அதைக் கொடுத்தவன் சாப்பிடுகிறான். கொடுக்காத உன்னிடம் என்ன இருக்கிறது என்றால், மனத்துக்குப் பிடிக்காதவரைப் புகழாமல் இருந்த கௌரவம் இருக்கிறது. விலையும் கொடுக்காமல் சரக்கும் வேண்டும் என்பது பேராசை. ஊரில் இன்னாருக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டார்களே, நமக்குப் போடவில்லையே என்று ஏங்கும் நெஞ்சங்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் இந்தக் கீரைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எண்ணெய் கொட்டிப்போனாலும் கொஞ்சம் மது களவு போனாலும், மன அமைதிக்குக் கொடுத்த விலை இது என்று எண்ணிக்கொள்ளச் சொன்னார் அவர். நாம் கடையில் வைத்து விற்காத சரக்கை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பாடம் குறையவில்லை. இரண்டு வெள்ளி எண்ணெய் தரையில் சிந்தியதற்காகக் கடைப் பையனைப் பத்துப் பேர் முன்னிலையில் ஏசுகிறோம். எண்ணெய் போனதோடு நம் நிதானமும் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் மரியாதையும் போய்விட்டது. கணக்கில் எழுதியதோ இரண்டு வெள்ளி மாத்திரம்.

இவ்விஷயத்தில் அன்னார் இன்னும் அழுத்தமாகப் பேசினார். வேலைக்காரன் வெந்நீர் கேட்டால் ஆறிய நீரைக் கொண்டுவருகிறான், அல்லது கூப்பிட்டும் வரவில்லை என்றால், கோபங்கொள்ளாதே. அவனும் உன் சகோதரன், ஒரே இறைவனிடமிருந்து வந்தவன் என்றார். அவனை நான் விலைக்கு வாங்கியிருக்கிறேனே என்று ஒருவன் கேட்டால், அந்தக் கிரயப் பத்திரம் செத்துப்போன மனிதர்களின் சட்டம், அதைப் பார்க்கிறாயே, இறைவனின் சட்டத்தைப் பார்க்கவில்லையே என்பது அவர் மறுமொழி. அடிமை முறையை ஒழிக்க அவர் கிளர்ச்சி எதுவும் செய்தாரில்லை. ஆனால் விற்றவனும் வாங்கியவனும் தலைகுனிய வேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் விட்டாரில்லை.

அவருடைய வீட்டு விளக்கைப் பற்றிய வரலாறு இதையெல்லாம் விடச் சிறந்தது. அவரிடம் ஓர் இரும்பு விளக்கு இருந்தது. ஒரு நாள் ஜன்னல் பக்கம் சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தார், விளக்கைக் காணோம். அவர் கூச்சல் போடவில்லை. நாளைக்கு மண் விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார். பிறகு மாணவர்களிடம் அந்தக் கொடுக்கல் வாங்கலை விளக்கிக் காட்டினார். விழித்திருப்பதில் திருடன் நம்மைவிடக் கெட்டிக்காரன், அதனால் விளக்கு அவனுக்குப் போயிற்று. ஆனால் அந்த விளக்குக்கு அவன் கொடுத்த விலை என்ன? ஒரு விளக்குக்காகத் திருடன் ஆனான்; ஒரு விளக்குக்காக நம்பிக்கை கெட்டவன் ஆனான். மலிவாகக் கிடைத்தது என்று அவன் நினைத்தான். உலகத்தில் அவ்வளவு விலை கொடுத்து விளக்கு வாங்கியவன் வேறு யாருமில்லை. தராசில் கொஞ்சம் கைவைத்து ஒரு கிலோவில் பத்து கிராம் மிச்சம் பிடிக்கிறவரும், பழைய சரக்கைப் புதியதென்று சொல்லித் தள்ளிவிடுகிறவரும் இந்த விளக்குக் கணக்கைச் சிந்தித்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

எல்லாம் நம் கையில் இல்லையென்றால் கைகட்டிச் சும்மா இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அவர் சொன்னது அதுவன்று. தகப்பனுக்கு மகன் செய்ய வேண்டியதும், சகோதரனுக்குச் சகோதரன் செய்ய வேண்டியதும், அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டியதும் நம் கையில் உள்ள பங்கைச் சேர்ந்தவை. சகோதரன் நமக்குத் தீங்கு செய்தாலும், அவன் என்ன செய்கிறான் என்று பாராமல், நம் கடமை என்ன என்று பார் என்பதே அவர் உபதேசம். சொன்னபடி நடந்தும் காட்டினார். நெடுங்காலம் தனியாகவே வாழ்ந்தவர், முதுமையில் ஒரு சிநேகிதரின் குழந்தையைத் தம்மோடு எடுத்துக்கொண்டார். வறுமையினால் அந்தச் சிசுவை அநாதையாக விட்டுவிடப் பெற்றோர் எண்ணியிருந்தார்கள். வளர்ப்பதற்கு ஒரு பெண்மணியையும் வீட்டில் அமர்த்தி, அக்குழந்தைக்குத் தகப்பனாக இருந்தார்.

கி.பி. 135-ஐ ஒட்டி அவர் காலமானார். பின்னர் ஒருவன், அவர் ஒளியில் படித்தால் அவர் ஞானம் தனக்கும் வந்துவிடும் என்றெண்ணி, அவருடைய மண் விளக்கை 3,000 திராக்மா கொடுத்து வாங்கினான் என்று லூஷியன் என்னும் எழுத்தாளர் கேலியாக எழுதி வைத்திருக்கிறார். அது கூலிக்காரர் ஒருவர் பல வருடம் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை. விலைக்கு விற்காத ஒன்றைத்தான் ஆயுள் முழுவதும் அவர் போதித்தார். அதையும் விலைக்கு வாங்க ஒருவன் பணப்பையோடு வந்தான்!

எபிக்டெட்டஸ் தாமாக ஒரு நூலும் எழுதவில்லை. அவரிடம் படித்த அரியன் என்பவர், பிற்காலத்தில் ரோமப் பேரரசின் மாகாணம் ஒன்றுக்கு ஆளுநராக இருந்தவர், ஆசிரியரின் பேச்சுக்களைக் குறித்து வைத்தார். அவை எட்டுப் பாகங்கள் என்பர். நான்கு நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றின் சாரமாகக் கைக்கு அடக்கமான ஒரு சிறு நூலையும் தொகுத்தார். 161 முதல் 180 வரை ரோமப் பேரரசராயிருந்த மார்க்கஸ் அவுரேலியஸ், இந்த அடிமையின் உரைகள் தமக்குப் படிக்கக் கிடைத்ததைப் பெரும் பேறாகக் குறித்திருக்கிறார். 1605-ல் மத்தேயோ ரிச்சி என்னும் இத்தாலியப் பாதிரியார் அச்சிறு நூலைத் தழுவிச் சீன மொழியில் 25 மொழிகள் கொண்ட புத்தகம் வெளியிட்டார். 1965-ல் வியட்நாமில் விமானம் சுடப்பட்டு, கால் முறிந்து, 1973 வரை சிறையிலிருந்த அமெரிக்கக் கடற்படை வீரர் ஜேம்ஸ் ஸ்டாக்டேல், தம்மைத் தாங்கியது எபிக்டெட்டஸின் பாடமே என்று பின்னர் எழுதினார்.

கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு அந்நூலில் உள்ள ஒரு கதை மிகவும் பொருந்தும். கப்பல் ஒரு துறையில் நிற்கிறது. தண்ணீர் எடுக்க இறங்கிய பிரயாணி கரையில் கிடக்கும் சிப்பிகளைப் பொறுக்கலாம். ஆனால் கண்ணும் காதும் கப்பலின் மீதே இருக்க வேண்டும். மாலுமி கூப்பிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தி, துக்கத்தை நீக்கும் வழியைப் பற்றி அரபியில் எழுதிய நிருபத்தில் இதே கப்பல் கதை விரிவாக வருகிறது. பிரயாணிகள் பூவும் கல்லும் பொறுக்கி வந்து, வைக்க இடமின்றி, மடியில் சுமந்து நெருக்கடிபட்டு, வாடியும் நாறியும் போன அவற்றைக் கடைசியில் கடலில் எறிகிறார்கள். வெறுங்கையோடு முதலில் திரும்பியவர்களுக்கே விசாலமான இடம் கிடைத்தது.

சிப்பி பொறுக்குவது குற்றமென்று இவர்கள் இருவரும் சொல்லவில்லை. வியாபாரம் செய்வோம், லாபம் தேடுவோம், பிள்ளைகளைப் படிக்க வைப்போம். இரவில் கல்லாவை எண்ணி முடித்ததும், இன்று விற்ற சரக்கோடு விற்கக்கூடாத எதையாவது சேர்த்து விற்றுவிட்டோமா என்றும் ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்துவோம். அந்தக் கணக்கை நமக்காக வேறொருவர் போட்டுத் தர முடியாது.