தீக்குத் தப்பிய ஏடுகள்

பதினாறாம் நூற்றாண்டில் அச்சான ஆங்கில நூல்களுள் அரியவற்றைக் கணக்கிடுவோர், 1526ஆம் ஆண்டு வெளிவந்த சிறு நூல் ஒன்றை முதல் வரிசையில் வைப்பர். கிரேக்க மூலத்திலிருந்து நேரே ஆங்கிலமாக்கப்பட்டு, முழுமையாக அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அது. அச்சான படிகள் 3000க்குக் குறையா. 6000 என்பாரும் உளர். இன்று உலகில் எஞ்சியிருப்பவை மூன்றே மூன்று.

அந்நூலை ஆக்கியவர் வில்லியம் டிண்டேல். சமய அறிஞர் என்ற முறையில் அவரை ஆராய்வோர் பலர். மொழி பயில்வோராகிய நமக்கு அவர் வேறொரு வகையில் முக்கியமானவர். மூலநூல் ஒன்றைத் தம் மக்கள் பேசும் மொழிக்குக் கொண்டுவர ஒருவர் எத்துணை விலை கொடுத்தார் என்பதையும், அழிக்க முயன்ற கைகளிலிருந்து அவருடைய ஏடுகள் எவ்வாறு தப்பின என்பதையும் அவர் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

டிண்டேல் ஏறத்தாழ 1494இல் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள குளோஸ்டர்ஷயரில் பிறந்தார். கம்பளித் துணி நெசவும் வணிகமும் தழைத்த நாடு அது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று 1515இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். அதுவரை மேலை ஐரோப்பாவில் இலத்தீன் பெயர்ப்பே மூலம்போல் போற்றப்பட்டு வந்தது. மூலமே அச்சில் கைக்கு வந்ததும், அதைத் தாய்மொழியில் தரவேண்டும் என்னும் வேட்கை அறிஞர் சிலரிடம் பிறந்தது.

ஜெர்மானியர்க்கு அவ்வாய்ப்பு இருந்தது, ஆங்கிலேயர்க்கு இல்லை. ஆயரின் இசைவின்றி விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பதும் அப்பெயர்ப்பைப் படிப்பதும் குற்றம் என 1408இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய திருச்சபை மன்றம் விதித்திருந்தது. விக்ளிஃபின் வழிவந்தோர் இலத்தீனிலிருந்து பெயர்த்த கையெழுத்துப் படிகள் மறைவாக உலவி வந்தன. அவற்றை வைத்திருந்தமைக்காக உயிரிழந்தோரும் உண்டு.

1520களின் தொடக்கத்தில் லிட்டில் சாட்பரி என்னும் ஊரில் சர் ஜான் வால்ஷ் என்பவரின் பிள்ளைகளுக்கு டிண்டேல் ஆசிரியராக இருந்தார். அவ்வீட்டு விருந்துகளுக்கு வந்த குருமார்களோடு அவர் அடிக்கடி வாதிட நேர்ந்தது. கற்றவர் எனப்பட்ட ஒருவரிடம், இறைவன் ஆயுள் தந்தால் ஏர் பிடிக்கும் சிறுவனும் உம்மினும் மிகுதியாக மறையை அறியச் செய்வேன் என்று அவர் சூளுரைத்ததாக வரலாறு கூறும். அந்தச் சிறுவன் பேசும் மொழியே தம் நூலின் மொழியாக வேண்டும் என்னும் கொள்கையும் அச்சூளுரையிலேயே அடங்கியிருந்தது.

சட்டத்தை மீறாமலே இப்பணியைச் செய்ய அவர் முதலில் முயன்றார். 1523இல் லண்டன் சென்று, கிரேக்கம் கற்றவரும் எராஸ்மஸின் நண்பருமான ஆயர் கத்பர்ட் டன்ஸ்டலை அணுகி ஆதரவு வேண்டினார். தம் இல்லத்தில் இடமில்லை என்று ஆயர் மறுத்தார். துணி வணிகர் ஹம்ப்ரி மான்மவுத் அவருக்கு உண்டியும் உறைவிடமும் அளித்தார். இங்கிலாந்து முழுவதிலும் இப்பணிக்கு இடமில்லை என்பதை ஓராண்டுக்குள் உணர்ந்த டிண்டேல், 1524இல் ஜெர்மனிக்குக் கடல் கடந்தார். அதன்பின் அவர் தாயகம் திரும்பவே இல்லை.

1525இல் கொலோன் நகரில் பீட்டர் குவென்டெல் என்பாரின் அச்சகத்தில் வேலை தொடங்கியது. ஆங்கில நூலொன்று மறைவாக அச்சாவதைக் கொக்லேயுஸ் என்னும் அறிஞர் மோப்பம் பிடித்தார். அச்சகத் தொழிலாளரை அழைத்து மதுவூட்டி உண்மையை வெளிக்கொணர்ந்தார். 3000 படிகளுக்கான வேலை பத்தாம் ஃபாரம் வரை முடிந்திருந்தது. நகர மன்றம் தடை விதிக்கும் முன்பே டிண்டேலும் உதவியாளர் வில்லியம் ராயும் அச்சான தாள்களை வாரிக்கொண்டு ரைன் ஆற்றின் வழியாக வோர்ம்ஸ் நகருக்குத் தப்பினர். அங்கே 1526இல் பீட்டர் ஷோஃபரின் அச்சகத்தில் நூல் புதிதாக அச்சிடப்பெற்று முற்றுப்பெற்றது. அது ஏறத்தாழ 700 பக்கம் கொண்டதாயினும் சட்டைக்குள் மறைக்கத்தக்க சிறு வடிவினது. பெயர்ப்பாளர் பெயரோ அச்சிட்டவர் பெயரோ அதில் இல்லை.

அக்காலத்து நூற்கட்டு முறையை இங்கே அறிந்துகொள்ளல் நலம். அச்சகத்திலிருந்து நூல்கள் பெரும்பாலும் பைண்டிங் செய்யப்படாத வெறும் தாள்களாகவே வெளிச்சென்றன. வோர்ம்ஸ் நூல் போன்ற சிறுவடிவ நூலுக்கு ஒரு பெருந்தாளை மும்முறை மடித்தால் 8 இதழ்கள், 16 பக்கங்கள் கிடைக்கும். அவ்வாறு மடித்த பகுதிகளை அடுக்கித் தைத்து, மரப்பலகையோ ஒட்டுத்தாள் அட்டையோ வைத்து, கன்றுத்தோல் போர்த்து, சூடேற்றிய உலோக அச்சால் பூவேலையும் உருவங்களும் பதிப்பது தனித்தொழில். வாங்கியவர் வளத்திற்கேற்ப அது அமைந்தது. தைக்கப்படாத தாள்களை மறைப்பது எளிது. ஆகவே துணிப் பொதிகளின் நடுவே செருகப்பட்ட டிண்டேலின் தாள்கள் வணிகக் கப்பல்களில் இங்கிலாந்தை அடைந்தன. துணி வணிகர் அடைக்கலம் தந்தவரின் நூலைத் துணிப் பொதிகளே சுமந்து சென்றன.

1526 அக்டோபரில் ஆயர் டன்ஸ்டல் லண்டனில் புனித பவுல் பேராலயத்து முற்றத்தில் அந்நூலைக் கண்டித்துப் பேசி, கைப்பற்றிய படிகளைத் தீயிலிடுவித்தார். பேராயர் வாரம் பெரும்பொருள் செலவிட்டுப் படிகளை விலைக்கு வாங்கி அழித்தார். டன்ஸ்டலும் ஆண்ட்வெர்ப் நகரில் பேக்கிங்டன் என்னும் வணிகர் வாயிலாகப் படிகளை வாங்கினார் என்றும், அப்பணம் டிண்டேலையே அடைந்து, திருத்திய பதிப்புக்கு முதலாயிற்று என்றும் எட்வர்ட் ஹால் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

எதிர்ப்பு தீயோடு நிற்கவில்லை. சொல்லுக்குச் சொல் நடந்தது. இங்கிலாந்தின் தலைசிறந்த அறிஞர் சர் தாமஸ் மோர் 1529இல் டிண்டேலை மறுத்து நூல் எழுதினார். திருச்சபை என்னும் பொருள்பட வழங்கிய சொல்லை நீக்கி மக்கள் கூட்டம் என்னும் பொருளுடைய சொல்லையும், குரு என்பதற்கு மாற்றாக மூத்தோர் என்பதையும், அறச்செயல் எனப் பொருள் விரிந்துவிட்ட சொல்லின் இடத்தில் அன்பு என்பதையும் அவர் இட்டமையே குற்றச்சாட்டுகளுள் தலையாயது. கிரேக்கச் சொல் கூறும் பொருள் அதுவே என்றார் டிண்டேல். வழிவழி வந்த பொருளை உடைத்தால் நம்பிக்கையே உடையும் என்றார் மோர். மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தேர்வது எத்துணைப் பெரும் பொறுப்பு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. இருவரும் தம் மனச்சான்றுக்கு உண்மையாக நின்றனர். ஓராண்டு இடைவெளியில் இருவரும் அதற்காகவே உயிர் துறந்தனர்.

டிண்டேல் எபிரேயமும் கற்று, பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்நூலை 1530இல் வெளியிட்டார். பிறர் பழி சுமக்கும் ஆட்டைக் குறிக்க இன்று ஆங்கிலம் வழங்கும் ஸ்கேப்கோட் என்னும் சொல் அவர் படைத்ததே. 1534இல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி மீண்டும் அச்சிட்டார். பதப்படுத்திய மெல்லிய தோலில் அச்சான அதன் படியொன்று அரசி ஆன் பொலினுக்கு உரியதாயிருந்தது. பொன்முலாம் பூசிய அதன் பக்க விளிம்புகளில் இங்கிலாந்தின் அரசி என அவர் பெயர் செவ்வெழுத்தில் தீட்டப்பட்டது. அரண்மனைக்குள் அந்நூல் இடம் பிடித்தபோதும் அதை ஆக்கியவருக்கு நாட்டிற்குள் இடமில்லை.

1535 மே மாதம் ஆண்ட்வெர்ப்பில் தாமஸ் பாய்ண்ட்ஸ் என்னும் ஆங்கில வணிகரின் பாதுகாப்பில் அவர் வாழ்ந்துவந்தார். ஹென்றி ஃபிலிப்ஸ் என்னும் இளைஞர் நட்புப் பாராட்டி நெருங்கினார். தந்தையின் பணத்தைச் சூதில் தொலைத்தவர் அவர். ஒருநாள் விருந்துக்கு அழைத்துச் சென்று, குறுகிய சந்தொன்றில் காத்திருந்த காவலரிடம் டிண்டேலைக் காட்டிக்கொடுத்தார். நண்பரை மீட்கப் போராடிய பாய்ண்ட்ஸ் தாமே சிறைப்பட்டு, தப்பியோடி, வணிகத்தையும் குடும்ப வாழ்வையும் இழந்தார்.

பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்டு கோட்டைச் சிறையில் டிண்டேல் ஏறக்குறைய 16 மாதங்கள் கிடந்தார். அங்கிருந்து அவர் தம் கைப்பட இலத்தீனில் எழுதிய மடலொன்று பெல்ஜிய அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. குளிர் வாட்டுகிறது, சற்றே தடித்த குல்லாயும் மேலங்கியும் வேண்டும் என்று அதில் கேட்கிறார். இருளில் தனித்திருப்பது சோர்வு தருவதால் மாலையில் ஒரு விளக்கு வேண்டும் என்கிறார். எல்லாவற்றினும் மேலாக எபிரேய விவிலியமும் இலக்கணமும் அகராதியும் தந்து உதவுமாறு இறைஞ்சுகிறார். விடுதலை கேளாமல் அகராதி கேட்ட அம்மனிதரை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது. 1536 அக்டோபரில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தனர். தம் மன்னரின் கண்களைத் திறக்குமாறு இறைவனை வேண்டியதே அவருடைய இறுதி மொழி என்பர்.

ஓராண்டுக்குள் அவர் பெயர்ப்பைப் பெரும்பகுதியாகக் கொண்ட விவிலியம் ஒன்று வேறு பெயரில் மன்னரின் இசைவோடு வெளிவந்தது. 1539இல் பேருருவில் அச்சான விவிலியத்தை ஒவ்வொரு கோயிலிலும் வைக்க ஆணை பிறந்தது. அதன் 1541ஆம் ஆண்டுப் பதிப்பொன்றின் முகப்பில், மேற்பார்வையிட்டவர்களுள் ஒருவராக ஆயர் டன்ஸ்டலின் பெயரே அச்சாகியுள்ளது. அன்று தீயிலிட்டவர் காத்த நூலுள் டிண்டேலின் சொற்களே நிறைந்திருந்தன. 1611இல் மன்னர் ஜேம்ஸின் ஆதரவில் வெளிவந்த புகழ்மிக்க பெயர்ப்பின் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் டிண்டேலின் நடையே என்று பிற்கால ஆய்வு காட்டியுள்ளது.

சொற்கள் இவ்வாறு வாழ்ந்தன, ஏடுகள் என்னாயின? கொலோனில் பாதியில் நின்ற பதிப்பில் 31 இதழ்கள் மட்டுமே கிடைத்துள்ளன. வேறொரு சிறு நூலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்த அவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் புத்தக வணிகர் ஒருவர் கண்டெடுத்தார். தனியே கிடந்திருந்தால் குப்பையாகியிருக்கும். அடுத்த நூலின் பைண்டிங் அதற்கு அரணாயிற்று.

வோர்ம்ஸ் பதிப்பின் மூன்று படிகளுள் பல தாள்களை இழந்த ஒன்று, அந்நூல் கண்டிக்கப்பட்ட அதே புனித பவுல் பேராலயத்தின் நூலகத்தில் உள்ளது. முகப்புத்தாள் மட்டும் இல்லாத மற்றொன்று ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் ஹார்லியிடம் இருந்தது. அதைத் தேடித் தந்தவருக்கு அவர் ஆண்டுக்கு 20 பவுண்டு வாழ்நாள் உதவித்தொகை அளித்தார். பிரபு மறைந்தபின் அதன் அருமை அறியாத வணிகரொருவர் 15 ஷில்லிங்குக்கு விற்றார். பின்னர்ப் பிரிஸ்டல் நகரின் பாப்டிஸ்ட் கல்லூரியை அடைந்த அப்படியை 1994இல் பிரிட்டிஷ் நூலகம் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது.

இரண்டாண்டு கழித்து, 1996இல், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மாநில நூலகத்தில் மூன்றாவது படி அடையாளம் காணப்பட்டது. பிற இரண்டிலும் இல்லாத முகப்புத்தாளும் அதில் இருந்தது. நூல்களை அழகுறக் கட்டுவித்துச் சேர்த்தவரான ஒட்டோ ஹைன்ரிஷ் என்னும் ஜெர்மானியக் கோமகன் 1550இல் அதற்குப் பைண்டிங் செய்வித்திருந்தார். ஆங்கிலம் வழங்காத நாட்டில், நன்கு கட்டப்பட்ட தோலட்டைக்குள், நான்கு நூற்றாண்டுக்கு மேல் அது யார் கண்ணிலும் படாமல் உறங்கிக் கிடந்தது. அழிக்க முனைந்தோர் பெரும்பொருள் செலவிட்டனர்; காத்தவரோ நூலை ஒழுங்காகத் தைத்து அட்டை கட்டிய ஒரு தொழிலாளர்.

டிண்டேலுக்குக் கல்லறை இல்லை. அவர் நூலின் முகப்பில் அவர் பெயரும் இல்லை. ஆயினும் ஏர் பிடிக்கும் சிறுவனுக்காக அவர் தேர்ந்த எளிய சொற்களையே ஆங்கிலம் பேசுவோர் இன்றும் தம்மை அறியாமல் வழங்கி வருகின்றனர். மாணவச் செல்வங்களே! செல்லரித்த பழைய நூலொன்று உங்கள் கைக்கு வருமானால், வீசி எறியுமுன் அட்டையின் உட்புறத்தையும் உடன் தைத்த தாள்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எவரோ உயிரைக் கொடுத்து எழுதிய ஏடு அங்கே காத்திருக்கக்கூடும்.