வானூர்தி கண்ட வில்பர் ரைட்

குற்றாலத்தில் சாரல் சற்றே ஓய்ந்து இளவெயில் எறிக்கும் வேளையில், திரிகூட மலைக்கு மேலே பருந்துகள் வட்டமிடும். சிறகை அசைக்காமலே அவை காற்றில் மிதந்து செல்லும் காட்சி கண்ணைக் கவரும். நாமும் இவ்வாறு பறக்கலாகாதா என்னும் ஏக்கம் காண்போர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அவ்வேக்கத்தைச் செயலாக்கிக் காட்டிய பெருமக்களுள் ஒருவர் வில்பர் ரைட்.

வில்பர் அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் 1867-ஆம் ஆண்டு பிறந்தார். அவர் கல்லூரியில் பயின்றவர் அல்லர். தம்பி ஆர்வில்லுடன் டேட்டன் நகரில் மிதிவண்டிக் கடை நடத்தினார். செர்மனி நாட்டு லிலியந்தால் என்பவர் எந்திரமில்லாச் சிறகூர்தியில் பறந்தபோது வீழ்ந்து, 1896-இல் உயிர் துறந்தார். அச்செய்தி வில்பரின் சிந்தனையைத் தூண்டிற்று. பறவைகள் சிறகின் நுனியை முறுக்கிச் சமநிலை காப்பதை அவர் கூர்ந்து நோக்கினார். அம்முறையைக் கையாண்டு, உடன்பிறந்தார் இருவரும் முதலில் எந்திரமில்லா ஊர்திகளில் பறந்து பழகினர். பின்னரே எந்திரத்தை நாடினர்.

அவர்கள் விரும்பியவாறு எடை குறைந்த எந்திரம் விலைக்குக் கிடைக்கவில்லை. ஆதலின், அவர்தம் கடையில் பணிபுரிந்த சார்லஸ் டெய்லர் ஆறு வாரத்தில் ஒன்றைச் செய்து முடித்தார். அஃது ஏறத்தாழ 12 குதிரைத்திறன் உடையது. இனி, அதனை ஊர்தியில் எங்கே அமர்த்துவது?

விமானி கீழ்ச்சிறகின்மேல் குப்புறப் படுத்தே ஊர்தியைச் செலுத்த வேண்டும். எந்திரம் அவருக்கு நேர் பின்னே இருப்பின், ஊர்தி தலைகீழாக வீழுங்கால் அவரை நசுக்கிவிடும். ஆகவே, எந்திரத்தை நடுவிற்கு வலப்புறத்திலும், விமானியை இடப்புறத்திலும் அமைத்தனர். உயிர் காக்கும் வழி பிறந்தது. உடனே புதிய இடர் ஒன்றும் பிறந்தது. எந்திரம் விமானியினும் எடை மிக்கது. ஊர்தி வலப்புறம் சாயுமன்றோ? காவடி சுமப்பவர் பளு மிகுந்த பக்கமாகத் தோளை நகர்த்திக் கொள்வர். வானில் அது கைகூடாது. எனவே, வலப்புறச் சிறகை ஏறத்தாழ 4 அங்குலம் நீட்டினர். நீண்ட சிறகைக் காற்று மிகுதியாக ஏந்தும், பளுவும் ஈடுசெய்யப்படும். எந்திரம் சங்கிலிகளால் சுழற்றிய இரு விசிறிகளும் எதிரெதிராகச் சுழன்றமையால், ஒன்றின் முறுக்கு விசையை மற்றொன்று தணித்தது.

1903 டிசம்பர் 14-ஆம் நாள், கிட்டி ஹாக் என்னும் ஊரை அடுத்த கடற்கரையில் வில்பர் முதலில் முயன்றார். ஊர்தி எழுந்தவுடன் மணலில் வீழ்ந்து பழுதுற்றது. அவர் மனந்தளரவில்லை. பழுது நீக்கிய ஊர்தியில் 17-ஆம் நாள் ஆர்வில் 12 விநாடியில் 120 அடி பறந்தார். அன்றே நான்காம் முறையாக ஊர்தி எழுந்தபோது, வில்பர் 59 விநாடியில் 852 அடி கடந்தார்.

அவ்வெற்றி உலகெங்கும் ஆர்வத்தை விளைத்தது. நம் சென்னையிலும் உணவு விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், 1910-ஆம் ஆண்டில் தாம் அமைத்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார்.

வில்பர் 1912-ஆம் ஆண்டு, நச்சுக் காய்ச்சலால் தம் நாற்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். பறக்கும் ஆசை பலர்க்கும் உண்டு. வீழ்ந்தால் என் செய்வது என்பதையும் முன்னரே எண்ணி, ஒவ்வோர் உறுப்பையும் உரிய இடத்தில் அமைத்தமையே அவர்தம் சிறப்பாகும். துணிவுக்கு இறக்கை தருவது முன்னறிவே என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.